பந்தை எடுத்து வைக்கும் கை

சாரல் விழும் நாட்களில் எங்கள் வீட்டுக்குள் இரண்டு சத்தங்கள் ஓயாமல் கேட்கும். ஒன்று, ஓட்டின் இடுக்கு வழியாக இறங்கி அலுமினிய வாளிக்குள் விழும் சொட்டு. இன்னொன்று, அப்பாவின் கட்டிலிலிருந்து வரும் 'டொக்' என்ற மொண்ணைச் சத்தம், அவர் கையிலிருந்த பட்டன் போனுக்குள் ஒரு சாம்பல் நிறப் பந்து சரிவில் உருண்டு, பலகையில் மோதி, மறுபடி உருளும் சத்தம். ஈரத்துணியும் எண்ணெயும் டெட்டாலும் கலந்த வாடைக்குள் அந்த 'டொக்'கைக் கேட்டுக்கொண்டேதான் நானும் தம்பியும் வீட்டுப்பாடம் எழுதினோம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, மேலகரத்தில் இருந்தது அந்த வீடு.

அந்த விளையாட்டை இப்போது யாரோ தூசி தட்டி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அதன் கீழே ஆடியவர்களின் அபிப்பிராயங்கள் மளமளவென்று குவிந்து கிடக்கின்றன. பந்துக்கு உண்மையான பந்தைப் போலவே கனம் உண்டு என்பதுதான் அதன் விசேஷம். சரிவில் விட்டால் வேகம் பிடிக்கும், பிடித்த வேகத்தைச் சட்டென்று நிறுத்த முடியாது, பலகையின் ஒரு நுனியில் ஏறினால் மறுநுனி தூக்கும், தண்ணீரில் விழுந்தால் மெல்ல அமிழும். கனம் அச்சு அசல் என்று ஒருவர் மெச்சுகிறார், சோம்பேறிப் பந்து என்று இன்னொருவர் திட்டுகிறார். ஆனால் பெரும்பாலானவர்கள் குறைசொல்வது ஒரு கையை. முள்ளில் விழுந்து பந்து பிளந்ததும் மேலிருந்து ஒரு வெள்ளைக் கை ஆடி அசைந்து இறங்கிவந்து, அதை எடுத்து, ஒரு புரட்டுப் புரட்டி, கடைசியாகத் தாண்டிய கொடியின் பக்கத்தில் முழுப் பந்தாக வைத்துவிட்டுப் போகும். அது போகும்வரை எந்தப் பட்டனை அமுக்கினாலும் ஒன்றும் நடக்காது. எரிச்சலாக இருக்கிறது, இந்தக் கை எதற்கு என்று கேட்கிறார்கள். கேட்பார்கள், அவர்களுக்கு என்ன, விளையாட்டுத்தானே. எங்கள் வீட்டில் அந்தக் கையைப் பற்றிச் சொன்ன அபிப்பிராயம் ஒரு மனிதரை எங்களிடமிருந்து ஒரேயடியாகப் பிரித்துவிட்டது.

அப்பாவும் பால்துரை மாமாவும் குற்றாலத்தில் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள். மாமா என்றால் உறவு இல்லை. அம்மா அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டதால் எங்களுக்கு மாமா. இருவரும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரே பாறையில் தொழில் செய்தவர்கள். சீசனுக்கு வருகிற ஆட்களைக் குப்புறப் படுக்கவைத்து, கழுத்திலிருந்து குதிகால் வரை தட்டி, பிசைந்து, சொடக்கெடுத்து, தள்ளாடிக்கொண்டே அருவிக்கு அனுப்பிவைப்பார்கள். உடம்பில் வருகிற எந்தக் கோளாறும் எண்ணெயும் கைச்சூடும் பட்டால் ஓடிவிடும் என்பது அவர்களுக்கு வெறும் தொழில்பேச்சு இல்லை, மனதார நம்பினார்கள். பிடிப்பு, சுளுக்கு, வாய்வு என்று தெருவில் யார் வந்து நின்றாலும் மாமா சட்டைக்கையை மடிப்பார். அவர் தொட்டால் வலி போகும் என்று நானும் நம்பினேன்.

அந்த வருஷம் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. பாசியும் சோப்பும் எண்ணெயும் கலந்து வழுக்கிய ஒரு பாறைமேல் கிண்ணத்தோடு நடந்த அப்பா, ஆள் உயரத்திலிருந்து மல்லாக்க விழுந்தார். நினைவு தப்பவில்லை. "காலு ரெண்டும் எரியுதுலே" என்று மட்டும் சொன்னாராம். மாமா ஓடிவந்தார், இன்னும் நாலைந்து பேர் ஓடிவந்தார்கள், எல்லாரும் அதே தொழில்காரர்கள். விழுந்தவரைக் குப்புறப் புரட்டிப்போட்டு, எண்ணெயை ஊற்றி, மாமா தன் முழு பலத்தையும் கொடுத்து முதுகுத்தண்டை நீவினார். இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் எரிச்சல் இருக்கிறதா என்று மாமா கேட்டதற்கு அப்பா இல்லை என்றார். பிடிப்பை எடுத்துவிட்டேன் என்று மாமா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், யாரோ டீ வாங்கப் போனார்கள். எரிச்சல் மட்டுமல்ல, காலே போய்விட்டது என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர், விழுந்தவரை யார் புரட்டியது என்று கேட்டார். அசைக்காமல் பலகையில் வைத்துக் கொண்டுவந்திருந்தால் ஒருவேளை கால் தப்பியிருக்கலாம் என்றார். திட்டவில்லை, அலுத்துப்போன குரலில்தான் சொன்னார், அது திட்டியதைவிடக் கொடுமையாக இருந்தது. நான் அம்மாவின் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வராண்டாவுக்கு வந்ததும் அம்மா என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "ஏட்டி, இது நம்மளோட இருக்கட்டும். அண்ணாச்சி காதுக்குப் போச்சுன்னா அந்த மனுசன் உசுரை விட்டுருவாரு, அப்பாவுக்கும் தெரியண்டாம்" என்றாள். அந்த வயதில் எனக்குக் கிடைத்த முதல் ரகசியம் அதுதான். இப்படி ஒரு ரகசியம் எந்தப் பிள்ளைக்கும் கிடைக்கக் கூடாது.

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்த சில நாளில் மாமா தன் போனைக் கொண்டுவந்து அப்பா கையில் திணித்தார், பொழுது போகட்டும் என்று. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி ஒன்றும் இல்லையே தவிர கை இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. நாலாம் பட்டன் இடது, ஆறாம் பட்டன் வலது, இரண்டை அமுக்கினால் குதிக்கும். அப்பா குதிக்கவே மாட்டார். சரிவின் தலையில் பந்தை நிறுத்தி, அது எப்படிப் போகும் என்று கணக்குப் பார்த்து, தானாக உருளவிடுவார். மாமா நேர் எதிர். பந்தை ஓட ஓட விரட்டுவார், அது முள்ளில் குத்தி, பள்ளத்தில் விழுந்து, ஒவ்வொரு தடவையும் கை வந்து தூக்கவேண்டியிருக்கும்.

ஆளுக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. தண்ணீர் கட்டம் மோசடி, நிஜத் தண்ணீரில் பந்து அப்படி அமிழாது என்பது என் கட்சி. தம்பிக்கு எல்லாமே பிடித்தது, மற்றவர்கள் ஆடும்போது மட்டும் பிடிக்காது. வேலைவெட்டி இல்லாதவர்கள் கண்டுபிடித்த சனியன் என்று அம்மா வைதுகொண்டே, கரண்ட் வந்ததும் முதலில் அந்தப் போனைத்தான் சார்ஜில் போடுவாள். மாமாவுக்கோ அந்தக் கைதான் விளையாட்டே. "கர்த்தரோட கைலே அது" என்பார். அப்பா சிரித்துவிட்டு, கர்த்தருக்கு இதுதான் வேலையா என்று கேலி செய்வார். ஆனால் கை இறங்கும் நேரத்தில் மட்டும் அப்பா திரையைப் பார்க்கமாட்டார், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். கண் வலிக்கிறது போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாமா ஒரு நாள் தவறாமல் வந்தார். தொழில் முடிந்த கையோடு வந்து, அப்பாவைப் புரட்டி, படுக்கைப் புண்ணைத் துடைத்து, மருந்து வைத்து, அதற்கப்புறம் அந்த இரண்டு கால்களையும் மடியில் போட்டுக்கொண்டு எண்ணெய் தேய்ப்பார். சூம்பிக்கொண்டே வந்த கால்கள். நரம்பு முழித்துவிடும், தை பிறந்தால் எழுப்பி நடக்கவைக்கிறேன் பாருங்கள் தங்கச்சி என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா தலையை ஆட்டிவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். சீசன் உச்சத்தில் ஆட்கள் வரிசையில் நிற்கும்போதுகூட மாமா பாதியில் கிளம்பி வருகிறார் என்று கேள்விப்பட்டோம். அவர் வீட்டில் அதற்குச் சண்டை நடந்தது. அப்பா தன் காலைத் தேய்க்கிற மனிதரின் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டு கிடப்பார்.

தை வந்தது, போனது. மாமா பங்குனியைச் சொல்ல ஆரம்பித்தார். அப்படி ஒரு சாயங்காலம், தேய்த்து முடித்த எண்ணெய்க்கையோடு மாமா போனை வாங்கிப் பந்தை விரட்டினார், வழக்கம்போல முள்ளில் விட்டார், கை இறங்கியது. இந்த ஒரு காரியத்துக்காகவே இதைச் செய்தவனுக்குக் கும்பிடு போடவேண்டும் என்று மாமா சொன்னார். எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அப்பா அன்று திருப்பவில்லை.

"எனக்கு அந்தக் கையைப் பிடிக்கலைலே" என்றார்.

மாமா சிரித்தார். "கை இல்லாட்டி எப்படிலே? பந்து உடைஞ்சு கிடக்குல்லா?"

"உடைஞ்சது விழுந்ததுலயா, எடுத்ததுலயான்னு உனக்குத் தெரியுமா? அசைக்காம விட்டுருந்தா ஒருவேளை நல்லா இருந்திருக்கும். அது வந்து புரட்டுது."

கோபமே இல்லாமல், பந்தைப் பற்றி மட்டும் பேசுகிற மாதிரிதான் சொன்னார். மாமா போனைக் கட்டிலில் வைத்தார். மெல்லத் திரும்பி, அடுக்களை வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார். அவள் ஒரு வார்த்தை, இல்லை அண்ணாச்சி என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், இவ்வளவு மாதம் அதைத்தான் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று அவளால் முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். மாமா தன் உள்ளங்கைகளை விரித்து வைத்துப் பார்த்தார், வேட்டியில் துடைத்தார், செருப்பைப் போட்டார், போனார். போனை எடுத்துக்கொள்ளவில்லை.

எப்படித் தெரியும் என்று அம்மா அழுதுகொண்டே கேட்டாள். டாக்டர் சொல்லித்தான் தெரியவேண்டுமா, புரட்டினபோதே தெரியும் என்றார் அப்பா. எரிந்துகொண்டிருந்த கால் மாமாவின் கைக்குக் கீழே அணைந்துபோனதை அவர் பாறையில் கிடந்தே உணர்ந்திருக்கிறார். இத்தனை மாதம் பொறுத்தவர் இன்றைக்கு ஏன் சொல்லவேண்டும் என்று அம்மா விடவில்லை. அப்பா சொன்னார்: "செத்த காலைத் தடவித் தடவி அவன் பொழப்பு போகுது. தெரிஞ்சா தேய்க்கத நிறுத்துவான்னு நினைச்சேன். வராம இருப்பான்னு நினைக்கல."

மாமா வரவில்லை. அம்மா வல்லத்தில் இருந்த அவர் வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே இருமல் கேட்டது, அவர் வீட்டில் இல்லை என்று அத்தை வாசலிலேயே சொல்லிவிட்டாள். அப்பா சொன்னதை அம்மா கதவுப்பக்கம் பார்த்து உரக்கச் சொன்னாள். உள்ளே இருமலும் நின்றுபோனது. அதற்குப்பின் அவர் பாறைக்கும் போகவில்லை, யார் உடம்பிலும் கை வைக்கவில்லை என்று மற்றவர்கள் வந்து சொன்னார்கள். அப்பாவைப் புரட்ட அம்மாவுக்கு பலம் போதவில்லை, எனக்கும் தம்பிக்கும் வயது போதவில்லை. புண் ஆழமாகிவிட்டது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவனா பாரு என்பார் அப்பா. பந்தை அவரே வேண்டுமென்று முள்ளில் விட்டு, கை இறங்கி வருவதைக் கண்கொட்டாமல் பார்க்கத் தொடங்கியது அந்த நாட்களில்தான். அடுத்த சாரலைப் பார்க்காமலே போய்ச்சேர்ந்தார்.

எனக்கு யார்மேல் கோபம் என்று இன்றுவரை தெரியவில்லை. நண்பன்மேல் இருந்த பாசத்தால் ஒருவர் புரட்டினார், அதே பாசத்தால் இன்னொருவர் வாயைத் திறந்தார். இரண்டுக்கும் ஒரு குடும்பம் அனுபவித்தது.

இப்போது குற்றாலத்தில் அருவியைச் சுற்றிக் கம்பி போட்டுவிட்டார்கள், எண்ணெய் தேய்த்துக்கொண்டு தண்ணீரில் இறங்க அனுமதி இல்லை, அப்பா விழுந்த பாறை எதுவென்று தம்பிக்குக் காட்டக்கூட என்னால் முடியவில்லை. மேலகரத்து வீடு கைமாறிவிட்டது. விளையாட்டின் புதுப்பதிப்பில், ஆடியவர்கள் கேட்டுக்கொண்டபடி, கையை எடுத்துவிட்டார்கள். பந்து விழுந்த இடத்தில் மறைந்து கொடியருகே முளைக்கிறது. நேரம் மிச்சம் என்று எல்லாருக்கும் சந்தோஷம்.

போன வருஷம் செங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பால்துரை மாமாவைப் பார்த்தேன். ஏதோ குடோனில் வாட்ச்மேனாக இருக்கிறாராம், காக்கிச்சட்டை தோளில் தொங்கியது. என்னை அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது, அம்மா சுகமா என்று கேட்டார். அன்று கதவுக்குப் பின்னால் அவருக்குக் கேட்டதோ என்னவோ என்று, அப்பா சொன்னதை ஒரு சொல் விடாமல் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். வராம இருப்பான்னு நினைக்கல. மாமா கேட்டுக்கொண்டே இருந்தார், கண் நிறைந்தது, "அப்படியா சொன்னான்" என்றார், பிறகு அதையே இன்னொரு தடவை சொன்னார். எத்தனையோ வருஷத்துப் பாரம் இறங்கிவிட்டது என்று நான் நினைத்தேன்.

அப்போது என் சின்ன மகள் நடைபாதை விளிம்பில் கால் தடுக்கி, சரியாக அவர் காலடியில் குப்புற விழுந்து அழுதாள். அவர் குனிந்தார். பாதியிலேயே நின்றுவிட்டார்.

"நீ வந்து தூக்கு தாயி" என்றார்.

முழங்காலில் சிராய்ப்புத்தான். நான் குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது, மாமா இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நாலடி தள்ளிப் போய் நின்றிருந்தார்.