பாணதீர்த்தத்துக்கு ஒரு வீசை வெல்லம்

மலையேறிக் காட்டு விலங்குகளைப் பார்க்கக் கிளம்பும் அன்பர்களுக்கு முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். பொதிகை மலையில் நான் பதினேழு புலிகளையும் நாற்பது யானைகளையும் நேருக்கு நேர் சந்தித்திருக்கிறேன். சந்திப்பெல்லாம் நடந்தது திருநெல்வேலியில், அக்காள் வீட்டு முற்றத்தில், மருமக்களைச் சுற்றி உட்காரவைத்துக் கதை சொன்னபோது. உள்ளபடிக்கு நான் பாபநாசம் கோயிலுக்கு மேலே கல்யாண தீர்த்தம் வரைதான் ஏறியிருக்கிறேன். அங்கே ஒரு குரங்கு என் துண்டைப் பிடுங்கியதும் இறங்கிவிட்டேன்.

அளந்த கதைக்கெல்லாம் சென்ற மாசி மாதம் வினை வந்தது. அத்தான், அதாவது அக்காளின் கணவர், தாசில்தார் கச்சேரியில் குமாஸ்தா. ஐப்பசியில் நாற்பது நாள் காய்ச்சலில் கிடந்து பிழைத்தவர். அவர் எழுந்து நடந்தால் பாணதீர்த்தக் கரையில் அகத்திய முனிவருக்குச் சர்க்கரைப் பொங்கல் வைப்பதாக அக்காள் நேர்ந்திருந்தாள். அத்தானுக்கோ வரையாட்டைப் பார்க்கவேண்டும் என்று வெகுநாள் ஆசை. துணைக்கு வழி தெரிந்த ஆள் யார்? பதினேழு புலி கண்ட நான்தான்.

புறப்படும்போது அக்காள் ஒரு வீசை வெல்லத்தைத் துணியில் முடிந்து என் கையில் கொடுத்தாள்.

"ஏலே, பொங்கல் வைக்காம வந்துராத. அவுகளப் பைய நடத்திக் கூட்டிட்டு வா. காய்ச்சல்ல பாதி ஆளு போயாச்சி. மீதிய நீ தொலச்சிராத."

திருநெல்வேலியில் காலை ஏழே காலுக்கு ரயில். அம்பாசமுத்திரம் இருபத்திரண்டு மைல், மூன்றாம் வகுப்புக்கு ஆளுக்கு நாலணா. ஒன்பது மணிக்கு இறங்கிக் காட்டு இலாகாவில் சீட்டு வாங்கினோம். அது இல்லாமல் மேலே விடமாட்டார்கள். அங்கிருந்து பாபநாசம் ஆறு மைல், மாட்டுவண்டிக்கு எட்டணா. வண்டிக்காரர் எங்கள் மூட்டைகளைப் பார்த்தார்.

"மேலயா போறிய அண்ணாச்சி? ஒத்த ஆனை ஒண்ணு நிக்குன்னு சொல்லுதாவளே."

"ஆனையெல்லாம் நமக்குப் பழக்கம்வே" என்றேன்.

"ஆனைக்கு ஒங்களப் பழக்கம் உண்டுமா?" என்று கேட்டுவிட்டு மாட்டை முடுக்கினார். அத்தான் சிரித்த சிரிப்பில் வண்டி குலுங்கியது.  அன்றிரவு பாபநாசம் சத்திரத்தில் தங்கினோம்.

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு வழிகாட்டி மாதன் வந்தார். மலையிலேயே பிறந்த காணிக்காரப் பழங்குடி மனிதர், ஐம்பது வயதிருக்கும். கூலி நாளைக்குப் பன்னிரண்டு அணாவும் ஒரு சுருள் புகையிலையும். வந்தவர் வணக்கம்கூடச் சொல்லாமல், "மூட்டையப் பிரிங்க" என்றார். முதலில் அத்தானின் ஜமக்காளச் சுருட்டை உதறிப் பார்த்தார். அரிசி மூட்டையை முகர்ந்தார். பிறகு பழச் சீப்பை எடுத்துச் சத்திரத்துத் திண்ணையில் வைத்தார்.

"பழமும் வெல்லமும் மேல வேண்டாம் சாமி. ஆடி அமாவாசைக்கு வந்தவங்க ஆனைக்கு வெல்லத்த வச்சிட்டு வச்சிட்டுப் போனாங்க. இப்ப மனுசன் வாடையும் வெல்ல வாடையும் அவனுக்கு ஒண்ணு. வெல்லம் இருக்கா?"

"இல்லை" என்றேன்.

பெரிய பொய்களை வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய நாக்குக்கு அந்தச் சின்னப் பொய் இருமல் மாதிரி வந்துவிட்டது. வெல்லமில்லாமல் என்ன சர்க்கரைப் பொங்கல்? யானை மலையில் இருக்கிறதோ இல்லையோ, அக்காள் வீட்டில் இருக்கிறாள். மாதன் என் மூட்டைப் பக்கம் திரும்புமுன், அவர் ஏற்கெனவே உதறிப் பார்த்துவிட்ட ஜமக்காளத்துக்குள் முடிச்சைச் செருகிச் சுருட்டிக் கட்டினேன். அதை அத்தானே தோளில் போட்டுக்கொண்டார். சிரித்த முகமாக நடந்தார்.

பாபநாசத்திலிருந்து முண்டந்துறை சுமார் நாலு மைல், செங்குத்தான ஏற்றம், இரண்டரை மணி நேரம் ஆகும். எனக்கு நாலாயிரம் மைல் ஆனது. மூங்கில் முறிந்தால் நின்றேன். காட்டுக்கோழி கூவினால் நின்றேன். ஓர் இலை என் காதில் விழுந்தபோது, இன்னும் எழுதாத உயிலை மனதுக்குள் எழுதி முடித்தேன். அத்தான் எனக்கு முன்னே மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தார். அவர் முதுகில் அந்தச் சுருட்டு ஆடி ஆடிப் போனது. வெயில் ஏற ஏற வெல்லம் கசிந்து மணப்பது என் மூக்குக்கு மட்டுமா எட்டியது?

முண்டந்துறை தாண்டி ஒரு மைலில் மாதன் கையை உயர்த்தினார். எதிர்மலையில், கண்ணாடிபோல வழுக்கும் பாறைமேல், ஏழு வரையாடுகள் வரிசையாக நின்றன. சத்தியமாக ஏழுதான், எழுநூறு இல்லை. ஒன்று குட்டி. அத்தான் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"மாப்பிள, காய்ச்சல்ல கெடக்கும்போது இத ஒருதரம் பாத்துட்டாப் போதும்னு நெனச்சேம்வே" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "நல்லா மேயுதுல்லா அத்தான்" என்றுதான் வந்தது.

அரை மைல் தள்ளி வழியில் யானைச் சாணம் கிடந்தது. மாதன் கையை வைத்துப் பார்த்தார். "சூடு ஆறல" என்றார். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் குனிந்து செருப்பு வாரை இழுத்துக் கட்டினேன்.

பதினொன்றரை மணிக்கு ஓர் ஓடை. அத்தானுக்குக் கால் ஓய்ந்துவிட்டது. எங்களுக்கு முப்பது அடி முன்னால் ஒரு கல்லில் உட்கார்ந்து, சுருட்டை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரில் கால் நனைத்தார். எதிர்க்கரை மூங்கில் சத்தமில்லாமல் விலகியது.

ஒற்றை யானை. உயரம் ஒன்பது அடி. ஒரே கொம்பு. காதை அசைக்கவில்லை. துதிக்கை மட்டும் நீண்டு, காற்றில் எதையோ தேடி, அத்தான் மடிக்கு நேரே நின்றது. பிறகு அது ஓடையில் கால் வைத்தது.

மாதன் என் மணிக்கட்டைப் பிடித்தார். "சாமி, அந்தச் சுருட்டுல என்ன இருக்கு?"

"வெல்லம்" என்றேன். பிறகு கத்தினேன். "அத்தான், ஜமக்காளத்துல வெல்லம் இருக்கு! நாந்தான் வச்சேன்! போட்டுட்டு வாங்க!"

அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். யானையைப் பார்ப்பதற்கு முன் என்னைத்தான் பார்த்தார். பிறகு சுருட்டைக் கல்லில் வைத்துவிட்டு, எழ முடியாமல், உட்கார்ந்தபடியே பின்னோக்கித் தவழ்ந்தார். மாதனும் நானும் ஓடி அவர் கக்கத்தில் கைகொடுத்து இழுத்துப் பாறைக்குப் பின்னால் போட்டோம். அவர் உடம்பு காய்ச்சல் நாள்களைப் போலவே நடுங்கியது. யானை ஜமக்காளத்தை மிதித்துக் கிழித்து, வெல்லத்தை முடிச்சோடு வாயில் போட்டது. முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றது. நாங்கள் மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தோம்.

அது போனபிறகு மாதன் என்னைத் திட்டவில்லை. "ஒங்களுக்கு நாளைக்கு ரயிலு. எம்பிள்ளைக தேன் எடுக்க இந்த வழிதான் வரணும்" என்றார். இன்றும் அது குத்துகிறது.

பாணதீர்த்தம் போகவில்லை.  இறங்கி வந்து கோயில் கோபுரம் தெரிந்தபோது அத்தான் என் பக்கம் திரும்பினார். "நீரே சொமந்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்வே."

வீட்டு வாசலிலேயே அக்காள் பிடித்துக்கொண்டாள். "பொங்கல் வச்சியளா?"

"ஒந்தம்பிகிட்ட கேளு" என்றார் அத்தான்.

"வெல்லம் போய்ச் சேந்துட்டுக்கா" என்றேன்.

"ஆனை பாத்தியாலே?"

நாற்பது யானை கண்ட வாய் சொன்னது: "ஒண்ணு. ரொம்பத் தூரத்துல. கன்னுக்குட்டி அளவுதான் இருக்கும்."

ஓடைக்கரைக்குப் பிறகு முதல்முறையாக அத்தான் சிரித்தார். ஆனால் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து நானே அக்காளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு மாதம் எனக்குக் காப்பி தரவில்லை.

போகிறவர்களுக்கு: தை, மாசி நல்ல காலம், அட்டை குறைவு. இரண்டு பேருக்கு மூன்று நாளைக்கு ஐந்து ரூபாய் போதும். விடியலில் ஏறி வெயிலுக்கு முன் ஓடைக்கரையை விட்டு விலகிவிடுங்கள். பொங்கல் நேர்த்திக்கடன் இருந்தால் பாபநாசம் கோயில் படித்துறையிலேயே வையுங்கள். பங்குனியில் நாங்கள் அப்படித்தான் வைத்தோம். வழிகாட்டி மூட்டையைப் பிரிக்கச் சொன்னால் முழுவதும் பிரியுங்கள்.

கிழிந்ததில் மிஞ்சிய பாதி ஜமக்காளத்தை அத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். புதிது வாங்கச் சொல்லி அக்காள் எவ்வளவு சொல்லியும் கேட்பதில்லை. நான் போகும்போதெல்லாம் அதை எடுத்து விரித்துப் படுத்து, இரண்டு கால்களையும் வெறுந்தரையில் நீட்டிக்கொண்டு, "ஒரு ஆனைக் கதை சொல்லும்வே மாப்பிள" என்கிறார்.