வதனி அக்கா காத்திருக்கச் சொன்ன வைன்

லேபல் ஒட்டும் இயந்திரத்தை எங்கள் முதலாளி மத்தியாஸ் தன் கையால் நிறுத்தி நான் பார்த்ததில்லை. அன்று காலை பொதி கட்டும் மண்டபத்துக்குள் வந்தவர் நேரே போய் அதை நிறுத்தினார். போத்தல்கள் ஒன்றோடொன்று முட்டி நின்றன. பிறகு என்னைப் பார்த்து "வதனி" என்று மட்டும் சொன்னார். வரிசையில் நின்றவை வதனி அக்கா செய்த சிவப்பு வைன் போத்தல்கள். வெளியீட்டு விழாவுக்குச் சில வாரங்களே இருந்தன.

ஜெர்மனியின் ஃபால்ஸ் பகுதியிலுள்ள எங்கள் வைன் பண்ணையின் நிலவறை அக்காவின் பொறுப்பில் இருந்தது. பழத்தை எப்போது பிடுங்குவது, எந்தப் பீப்பாயில் எவ்வளவு காலம் வைப்பது, எதோடு எதைக் கலப்பது எல்லாம் அவர் முடிவுதான். தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது அவர் சின்னப்பிள்ளை. இங்கேயே படித்து, இந்தத் தொழிலிலேயே அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்தவர். நான் ஹம்பேர்க்கில் வளர்ந்து, கலியாணம் கட்டி இந்தப் பக்கம் வந்தவள். வேலை கேட்டுப் போன நாளில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல் ஜெர்மன் மொழியில் கேள்வி கேட்டார். வழியனுப்பக் கதவடிக்கு வந்தபோதுதான் குரலைத் தாழ்த்தினார்.

"திங்கக்கிழமை வாரும். இஞ்ச எனக்குத் தமிழ் கதைக்க ஒரு சீவன் இல்லை."

இதை வாசிக்கும் உங்களில் அவரோடு பழகிய பலருக்கு அந்த அறுவடை ஞாபகம் இருக்கும். நீண்ட கோடை, ஆனால் கொடிகள் வாடுமுன் மழை பெய்தது. செப்ரெம்பரில் பகலெல்லாம் வெயில், இரவில் நல்ல குளிர். பழத்தில் அழுகல் என்பதே இல்லை. பக்கத்துப் பண்ணைகளில் எல்லாம் பிடுங்கி முடித்தபிறகும் எங்கள் கபெர்னே திராட்சை கொடியிலேயே கிடந்தது. அக்கா தினமும் வரிசைகளுக்குள் நடந்து, பழத்தின் கொட்டையைக் கடித்துப் பார்ப்பார். கசந்தால் இன்னும் இல்லை என்று திரும்பிவிடுவார். பெருமழை வருகிறதென்று வானொலியில் சொல்லத் தொடங்கினார்கள். மத்தியாஸ் வாசலுக்கும் அலுவலகத்துக்குமாக நடந்தார். ஒரு மத்தியானம் அக்கா என்னைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டு ஒரு பழத்தைத் தந்தார். கொட்டையைக் கடித்தேன். வறுத்த பருப்புப் போல மொறுமொறுவென்று இருந்தது. என் முகத்தைப் பார்த்ததுமே சிரித்துவிட்டு ஆட்களைக் கூப்பிடப் போனார். கடைசிப் பெட்டி உள்ளே வந்தபிறகுதான் மழை வந்தது.

அந்தக் கபெர்னேயையும் மெர்லோ திராட்சையையும் கலந்து, எங்கள் பண்ணை இதுவரை செய்யாத ஒரு வைனை அவர் செய்தார். அது பீப்பாயில் கிடந்த காலத்தில்தான் அவருக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. காலம் அதிகமில்லை என்பதை வைத்தியர்கள் மறைக்கவில்லை. அவரும் எங்களிடம் மறைக்கவில்லை.

மத்தியாஸ் நல்ல மனுசன். ஒரு நாள் அக்காவையும் என்னையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, இந்த வசந்தத்திலேயே வைனைப் போத்தலில் அடைத்து வெளியிடுவோம் என்றார். வதனி இருந்து பார்க்கவேண்டும் என்பதற்காக என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே மூன்று பேருக்கும் தெரிந்தது. அக்கா நன்றி சொன்னார். இன்னும் ஒரு வருடம் பீப்பாயில் இருக்கவேண்டும், அதற்குப் பிறகு போத்தலிலும் சில மாதம் இருக்கவேண்டும் என்று, ஏதோ வேறு யாருடைய காலத்தைப் பற்றியோ பேசுவதுபோலச் சொன்னார். மத்தியாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று நான்தான் அக்காவை அவருடைய காரில் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். ஏன் அக்கா என்று கேட்டேன்.

"எனக்கு ஆசை இல்லையெண்டு நினைக்காதேயும். நல்ல ஆசை. ஆனா இப்ப அடைச்சா அது என்ர வைன் இல்லை. என்ர வருத்தத்தின்ர வைன்."

அதற்குப் பிறகு மருந்துகளால் அவருக்கு மணம் பிடிபடாமல் போனது. ஒரு வைன்காரிக்கு அது என்ன என்பதை நான் விளக்கத் தேவையில்லை. பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவேன். நான் முகர்ந்து சொல்வேன், அவர் கண்ணை மூடிக் கேட்பார். எனக்கு வைன்காரர்களின் சொற்கள் தெரியாது. அவர் சொன்ன வருடம் முடியும் தறுவாயில் ஒருமுறை, மிளகாய்த்தூளுக்கு வறுக்கும்போது மல்லி கருகுவதற்குச் சற்று முந்தி வரும் மணம் என்றேன். கண்ணைத் திறந்து, "அப்ப இனி அடைக்கச் சொல்லும்" என்றார். அடைத்தார்கள். அடைத்த வைன் போத்தலில் ஆறிக் கிடக்கும்போதே அவர் போய்விட்டார்.

வெளியீட்டு விழா ஒரு சனிக்கிழமை, பண்ணை முற்றத்தில் நடந்தது. அவருடைய அம்மாவும் வந்தார். இத்தனை வருடத்தில் அவர் பண்ணைப் படலையைத் தாண்டி உள்ளே வந்தது அன்றுதான். சேலைக்கு மேல் தடித்த கம்பளிச்சட்டை. நான் கொடுத்த கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இது அவளுடைய கையால் செய்ததா என்று கேட்டார். ஓம் அம்மா என்றேன்.

"கோயில்ல ஆரும் கேட்டா, மகள் தோட்ட வேலை எண்டுதான் சொல்லுறனான்," என்றார். பிறகு நெடுநேரம் கிளாஸை முகர்ந்துகொண்டிருந்தார். "இனி உள்ளதைச் சொல்லுவன்."

உதட்டில் பட்டும் படாமலும் ஒருமுறை வைத்துப் பார்த்தார். மத்தியாஸ் பேசத் தொடங்கி, அக்காவின் பெயர் வந்த இடத்தில் நிறுத்திவிட்டார். யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் குடித்தார்கள். நன்றாக இருந்தது. அவர் சொன்ன காலம் சரிதான் என்பது முதல் வாயிலேயே தெரிந்தது. அதைத் தெரிந்துகொள்ள அவர் அங்கே இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

இப்போது என் வேலைநாள் முழுவதும் ஜெர்மன் மொழியில் போகிறது. வீட்டில் என்னை நீ என்பார்கள், வெளியில் நீங்கள் என்பார்கள். நீர் என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். வேலை முடிந்து மேலங்கியை மாட்டிக்கொண்டு நான் பஸ்ஸுக்கு ஓடும்போது நிலவறைப் படியில் இருந்தபடி, "கொஞ்சம் இரும், போகலாம்" என்பார். எத்தனையோ பஸ்களை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் இருந்திருக்கிறேன். பெரிதாக எதையும் பேசியதில்லை. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது 'கொஞ்சம் இரும்' என்ற அந்த இரண்டு சொல்தான். சில நாட்களில் பஸ்ஸைப் போகவிட்டு அந்தப் படியில் போய் இருக்கிறேன். குளிர்ந்த கல். ஒரு பக்கமாக ஒதுங்கித்தான் இருக்கிறேன்.