ஹூல்ஸ்மன் வீட்டு ஒழுக்கம்

ஜெரார்ட் ஹூல்ஸ்மனுக்குத் தன் வீட்டை வீடு என்று சொல்லப் பிடிக்காது. குட்டித் திருச்சபை என்பார். அப்படியானால் அதில் அவர் யார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கூச்சமில்லாமல் பதில் சொல்லியிருப்பார்.

மேற்கு ஒஹாயோவின் சோளக்காடுகளுக்கு நடுவே பயிர்க் காப்பீடு விற்பது அவர் தொழில். அங்கே எதிரில் உட்கார்ந்திருக்கும் விவசாயி முகத்தைச் சுளித்தால் போதும், குழைந்து விடுவார். சாயங்காலம் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி இறங்கும்போதுதான் அவர் முதுகு நிமிரும்.

ஏழு பிள்ளைகள். எட்டாவது மார்ச் மாதம் பிறக்க வேண்டும். யாரும் பள்ளிக்கூடம் போவதில்லை. பள்ளிக்கூடம் பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்பது ஜெரார்டின் கட்சி. கெடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை முழுவதும் அவர் மனைவி லொரெய்னின் தலையில். கணக்கு, லத்தீன், சரித்திரம், இடையில் துணி, சமையல், ஒருத்தனுக்கு மூக்கு ஒழுகினால் அதுவும். ஜெரார்ட் தனக்கென்று வைத்துக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று: தண்டனை.

அதில் அவர் சோம்பேறி இல்லை. எதிர்த்துப் பேசினால் நாக்கில் சோப்பு. சாப்பாட்டு மேசையில் சிரித்தால் சமையலறைத் தரையில் முழந்தாள். முழங்கால் வலிக்கிறது என்று யாராவது முனகினால், "ஒப்புக்கொடு" என்பார். வலியைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுக்க வேண்டுமாம். அவருடைய சொந்த வலிகளை எப்போதும் லொரெய்னிடம்தான் ஒப்புக்கொடுப்பார். ஒரு சளி பிடித்தால் போதும், வீடே சூப்பு வைக்க வேண்டும்.

மூத்தவள் பிலோமினா ஆகஸ்ட் மாதம் ஒருநாள் தன் அறைக் கதவை அறைந்து சாத்தினாள். ஜெரார்ட் ஒரு வார்த்தை திட்டவில்லை. திருப்புளியை எடுத்துவந்து கீல்களைக் கழற்றி, கதவைக் கொண்டுபோய் கார் ஷெட்டில் சாய்த்து வைத்தார். டிசம்பர் வந்துவிட்டது. கதவு அங்கேயேதான் நின்றது. பதினாறு வயதுப் பெண் உடை மாற்றுவதற்குக் குளியலறைக்கு ஓட வேண்டியிருந்தது.

அதைவிட அவளுக்குப் பொறுக்காதது முதல் சனிக்கிழமைகள். மாதத்தின் முதல் சனிக்கிழமை, பூசை முடிந்ததும் மாதா கோவிலின் அடித்தளக் கூடத்தில், வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் குடும்பங்களின் தகப்பன்மார் கூடுவார்கள். டோனட்டும் காபியும் உண்டு. ஜெரார்ட் எழுந்து பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசுவார். எந்தப் பிள்ளை எப்போது படுக்கையை நனைத்தது, எது திருடியது, எப்படித் திருத்தினார் என்று பேர் சொல்லிச் சொல்லுவார். பிலோமினாவின் கதவும் அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவள்தான் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒருவர் அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, "எங்க வீட்டுலயும் கதவு ஒண்ணு ஆடுது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இப்படிப்பட்ட ஆம்பிளைகளுக்கு அப்பா ஒரு அறிவாளி என்று அன்று அவளுக்குப் புரிந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமான திருவருகைக்காலம் வந்தால் அவர்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. முன்னணை என்று காலியான சின்னத் தீவனத் தொட்டி ஒன்றை வைப்பார்கள். பிள்ளைகள் ஒரு நல்ல காரியம் செய்தால் அதில் ஒரு வைக்கோல் போடலாம். கிறிஸ்துமஸுக்குள் குழந்தை இயேசுவுக்கு மெத்தை தயாராகிவிடும். இந்த வருஷம் ஜெரார்ட் அதையும் மேம்படுத்தினார். மெத்தையை முதலிலேயே நிரப்பி வைத்துவிட்டு, ஒவ்வொரு தப்புக்கும் ஒரு பிடி உருவச் சொன்னார். இரண்டாம் ஞாயிறு வருவதற்குள் முன்னணையில் வெறும் பலகைதான் மிஞ்சியது. சின்னதுகள் அந்தப் பக்கம் போகவே பயந்தன. தன் கண்டுபிடிப்பு நன்றாக வேலை செய்கிறது என்று ஜெரார்டுக்குத் திருப்தி.

அந்த வாரம்தான் உருண்டைகள் காணாமல் போயின. வேர்க்கடலை வெண்ணெயை உருட்டிச் சாக்லேட்டில் தோய்த்த உருண்டைகள். கிறிஸ்துமஸுக்காக லொரெய்ன் செய்து, ஷெட்டில் இருக்கும் ஃப்ரீசரில் வைத்திருந்தாள். பண்டிகை வரைக்கும் வீட்டில் யாரும் இனிப்பைத் தொடக்கூடாது என்பது சட்டம். ஜெரார்ட் ஃப்ரீசரைத் திறந்தபோது பெட்டி காலி.

விசாரணை சாப்பாட்டு மேசையில் நடந்தது. ஏழு வயது ஜெம்மாவின் சட்டைக் கையில் சாக்லேட் கறை இருந்தது. அம்மாவோடு சேர்ந்து தோய்த்தபோது பட்டது என்றாள். ஜெரார்ட் அதைச் சிரித்தபடி கேட்டார். திருட்டு ஒரு பாவம், மறைப்பது இரண்டாவது பாவம் என்று முன்னணையில் மிஞ்சியிருந்த கடைசி இரண்டு பிடியையும் உருவச் சொன்னார். சனிக்கிழமை ஜெம்மாவுக்கு முதல் பாவசங்கீர்த்தனம். அங்கே சாமியாரிடம் இந்தத் திருட்டைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மே மாதம் மற்றப் பிள்ளைகளோடு முதல் அப்பம் வாங்கும் புதுநன்மைச் சடங்கு கிடையாது என்று தீர்ப்புச் சொன்னார். அந்தச் சடங்குக்குப் பிலோமினா போட்டு, இரண்டு தங்கைகள் போட்டு, ஜெம்மாவுக்காகக் கஞ்சி போட்டு வைத்திருந்த வெள்ளைக் கவுன் மாடி அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜெம்மா தினமும் போய் அதைத் தொட்டுப் பார்ப்பாள்.

உருண்டைகளைத் தின்றது யார் என்று பிலோமினாவுக்குத் தெரியும். அவள் அவ்வப்போது ஷெட்டுக்குப் போய்த் தன் கதவைப் பார்த்துவிட்டு வருவாள். அப்படி ஒரு மத்தியானம் போனபோது, நிறுத்தி வைத்த வேனுக்குள் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் பெட்டி. ஸ்டியரிங்கில் வயிறு இடிக்க, ஒவ்வொன்றாக வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தாள். அந்த வீட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத இடம் அது ஒன்றுதான். பிலோமினா சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டாள். அன்றைக்கு அவளுக்கு அம்மா மேல் பாசம்தான் வந்தது. விசாரணையின்போது அதே அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் அந்தப் பாசம் போய்விட்டது.

மறுநாள் துணி மடிக்கும்போது அவள் கேட்டாள். "ஜெம்மா எடுக்கல. உங்களுக்குத் தெரியும்தானம்மா?"

லொரெய்ன் ஒரு காலுறைக்கு ஜோடி தேடினாள். ஜோடி கிடைத்தும் தேடிக்கொண்டே இருந்தாள். "ஒரு சின்ன விஷயம், பிலோ. சொல்லிட்டு வரட்டும். ரெண்டு நாள்ல மறந்துடுவா" என்றாள்.

"அவ மறக்க மாட்டா. அவளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கிறது நான்."

அது உண்மை. சின்னதுகளுக்கு ஞானோபதேசம், அதாவது வேதபாடம், சொல்லிக் கொடுக்கும் வேலை மூத்தவளுடையது. ஜெம்மா பாடத்தை அப்படியே நம்புகிற பிள்ளை. வெள்ளிக்கிழமை காலையில் அவள் பிலோமினாவின் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். தட்டுவதற்குக் கதவு இல்லாததால் சுவரைத் தட்டிவிட்டு வந்தாள்.

"அக்கா, செய்யாத பாவத்தச் செஞ்சேன்னு சாமியார்கிட்ட சொன்னா என்ன ஆகும்?"

"அது கடவுள்கிட்டயே பொய் சொல்றது."

"சொல்லலன்னா?"

 ஒரு ஏழு வயதுப் பிள்ளையை, ஒரு பக்கம் நரகம், மறுபக்கம் அப்பா என்று நிறுத்தி வைத்துவிட்டு, அந்த மனுஷன் கீழே காபியை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். சர்க்கரை இல்லாமல் குடிப்பதை எல்லாரும் கவனிக்க வேண்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே உறிஞ்சினார்.

"இல்லாதத சொல்லாத" என்றாள் பிலோமினா. "உள்ள என்ன சொன்னேன்னு உன்கிட்ட யாரும் கேக்க முடியாது. அதுவும் பாடத்துல இருக்கு."

சனிக்கிழமை கோவிலில் வரிசை நீளமாக இருந்தது. முக்கால்வாசி ஜெரார்டின் பேச்சைக் கேட்கிற குடும்பங்கள். ஜெம்மா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் அழவில்லை.

ஜெரார்ட் குனிந்தார். "சொன்னியா?"

"அத கேக்கக் கூடாதுப்பா."

"நான் உன் அப்பா."

"அப்பாவும் கேக்கக் கூடாது."

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் கோவில் அமைதியாக இருந்தது. வரிசையில் நின்ற ஒருவர் சிரிப்பை இருமலாக்கினார். கதவு ஆடுகிறது என்று சொன்னாரே, அவர்தான். ஜெரார்டின் கழுத்து சிவந்தது. யாரிடம் கோபப்படுவது என்று தெரியாமல் செபமாலையைப் பையிலிருந்து எடுத்தார், மறுபடி பையில் போட்டார். பயிர்க் காப்பீடு வேண்டாம் என்று விவசாயி சொல்லும்போது இவர் முகம் இப்படித்தான் இருக்கும் போல என்று பிலோமினா நினைத்தாள்.

வேனில் ஏறியதும் ஜெரார்டின் முதுகு திரும்ப நிமிர்ந்தது. சொன்னாளா இல்லையா என்று தனக்குத் தெரியாதவரை மே மாதம் வெள்ளைக் கவுன் கிடையாது என்று அறிவித்தார். பின் இருக்கையில் ஜெம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

லொரெய்ன் இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் வைத்தாள். "அத நான்தான் தின்னேன், ஜெரி."

"எத?"

"உருண்டைய. எல்லாத்தையும். இதே வேன்ல உக்காந்து."

சிக்னல் பச்சையான பிறகும் வண்டி நகரவில்லை. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். ஜெரார்ட் வண்டியை எடுத்தார். அடுத்த திருப்பத்தில் சொன்னார். "இத என்கிட்ட தனியா சொல்லியிருக்கணும். பிள்ளைங்க முன்னாடி தகப்பன இப்படிச் சின்னதாக்கக் கூடாது."

அவ்வளவுதான். ஜெம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளேதான் கேட்டாள், அப்படியானால் தனக்காக உருவின வைக்கோல் திரும்பி வருமா என்று.

"ஒப்புக்கொடு" என்றார் ஜெரார்ட்.

குழந்தை இயேசு அந்த வருஷம் பலகையில்தான் படுத்தார். கவுனைப் பற்றி அதற்கப்புறம் ஜெரார்ட் வாய் திறக்கவில்லை. லொரெய்ன் அதை இறக்கி, ஜெம்மாவின் அளவுக்கு இடுப்பைப் பிடித்துத் தைத்தாள். அவர் பார்த்தும் பார்க்காததுபோல் போனார்.

ஜனவரியின் முதல் சனிக்கிழமை அவர் அடித்தளக் கூடத்தில் எழுந்து நின்றார். பிலோமினா காபிக் குடுவையோடு சுவரோரம் இருந்தாள். ஒரு பிள்ளையின் மனசாட்சி எப்படி உருவாகிறது என்று அவர் பேசினார். தன் மகளை வேண்டுமென்றே ஒரு சோதனைக்குள் நிறுத்தியதாகவும், கண்டிப்பில் வளர்ந்ததால்தான் அவள் பொய் சொல்ல மறுத்ததாகவும், அதைப் பார்த்து மனைவியும் தன்னைத் தாழ்த்திக்கொண்டதாகவும் சொன்னார். தகப்பன்மார் தலையாட்டினார்கள். முன்பு இருமினவரும் ஆட்டினார்.

ஜெரார்ட் பேச்சை நிறுத்தாமல், திரும்பிப் பார்க்காமல், காலிக் கோப்பையைப் பக்கவாட்டில் நீட்டினார். கோப்பை நீண்டபடியே நின்றது. பிலோமினா குடுவையை டோனட் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படியேறிப் போய்விட்டாள்.

வீடு நடந்து போகிற தூரம்தான். நேரே ஷெட்டுக்குப் போய்க் கதவை எடுத்தாள். மாடிப்படியில் ஏற்றும்போது சுவரில் இரண்டு இடத்தில் கீறல் விழுந்தது. சத்தம் கேட்டு லொரெய்ன் வந்து பார்த்தாள். சமையலறைக்குப் போய், மேசை இழுப்பறையிலிருந்து திருப்புளியை எடுத்துவந்து படியில் வைத்துவிட்டுப் போனாள். கதவு கீல்களில் ஏறும்வரை ஜெம்மா உள்ளங்கையைக் குவித்துத் திருகாணிகளை ஏந்திக்கொண்டு நின்றாள்.

"அப்பா திட்டுவாரேக்கா."

"திட்டட்டும். நீ உள்ள வா."

இருவரும் உள்ளே போனதும் பிலோமினா கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை. தாழ்ப்பாள் விழுகிற சின்னச் சத்தம் மட்டும்தான் கேட்டது.