மர்மப் பொருளைச் செய்தவன்

எல்லையில் சண்டை நடந்த அந்த வாரம், டீக்கடை டிவியில் என் விளக்கைக் காட்டினார்கள். கரையில் ஒதுங்கிய மர்மப் பொருளாம். சுற்றிச் சிவப்பு வட்டம் வேறு.

பழவேற்காட்டில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். செத்த லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்து, உயிர் மிச்சமுள்ள லித்தியம் செல்களைப் பொறுக்கி, பிளாஸ்டிக் குழாயில் அடைத்து, விட்டு விட்டு எரியும் விளக்கு செய்வேன். வலையின் கடைசி மிதப்பில் அதைக் கட்டிவிட்டால், இருட்டில் வலை கிடப்பது மற்ற படகுகளுக்குத் தெரியும். எவன் வலையிலிருந்தோ அறுந்து வந்திருக்கிறது. நான் சுற்றிய பச்சை டேப் எனக்குத் தெரியாதா?

டீக்கடையில் பாதிப் பேர் என்னிடம் அந்த விளக்கை வாங்கியவர்கள். ஒருத்தரும் அது வலை விளக்கு என்று சொல்லவில்லை. ட்ரோனுக்கு வழி காட்டும் கருவி என்றார் ஒருவர். லித்தியம் என்றாலே குண்டுக்குத்தான் என்றார் இன்னொருவர். அவர் சட்டைப்பையில் இருந்த போனிலும் அதே லித்தியம்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது நம் வலை விளக்கு என்று கத்தினேன். டிவியில் பொய்யா சொல்வார்கள் என்று என்னையே கேட்டார்கள்.

அந்தச் சேனலுக்குப் போன் போட்டேன். நான்தான் செய்தேன் என்றதும், செல் எந்த நாட்டிலிருந்து வருகிறது, யார் அனுப்புகிறார்கள் என்று ஆரம்பித்தார்கள். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வைத்தேன்.

லைட்ஹவுஸ் குப்பத்தில் மீன்பிடிக்கும் என் அண்ணன் அந்தச் செய்தியைப் பார்த்துப் பயந்துபோய், வலையிலிருந்த விளக்குகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டார். கெஞ்சினேன், சண்டை போட்டேன், கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலை அவர் பாதி வலையோடு கரைக்கு வந்தார். விளக்கில்லாத வலை மேல் ஒரு விசைப்படகு ஏறிப் போயிருந்தது. ஆசை ஆசையாக வாங்கிய புது வலை. அதைப் படம் பிடிக்க எந்தக் கேமராவும் வரவில்லை. வந்திருந்தால் உடைத்திருப்பேன்.

எல்லையில் சண்டை நின்றது. டிவி வேறு கதைக்குப் போய்விட்டது. அண்ணன் மணலில் உட்கார்ந்து அறுந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தபோது, புதிதாகச் செய்த விளக்கு ஒன்றை அவர் முன்னால் வைத்தேன். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, யாராவது கேட்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டேய், என்னாண்ட மட்டும் நெஜத்த சொல்லு. இதுல வேற எதுனா வச்சிருக்கியா இன்னா?"