எட்டாவது துணி

"ஒரு தடவை மூடின எஞ்சினை நான் திரும்பத் திறந்ததா சரித்திரமே கிடையாது" என்று விரல் விரலாகக் கிரீஸைத் துடைத்தபடி வரிசையார் சொல்லும்போது, பட்டறை லாரிகள்கூட மரியாதையாக நிற்பதுபோல் தோன்றும்.

பெயர் பட்டறை சூட்டியது. சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும் டீசல் எஞ்சின்தான் அவருக்கு எஞ்சின். நாலும் நாலுமாக இருபக்கம் சாய்ந்து நிற்கும் வி எஞ்சின் ஒரு குடும்பத் தகராறு. "பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி ஒரே வீட்ல குடியிருக்கிற மாதிரி. எவன் நடுவுல போறது?"

எஞ்சினைப் பிரித்ததும், காற்று போகும் துளைகளுக்குள் நட்டு கிட்டு விழாதபடி, தன் பழைய சட்டையைக் கிழித்துத் திணிப்பார். மூடுமுன் உருவுவார். எண்ணுவதில்லை. ஒரே வரிசையாயிற்றே, ஒரு பார்வை போதும்.

சோதனை தங்கை வடிவில் வந்தது. லாரி ஓட்டுகிறவள், வாங்கியது வி எட்டு; பழுதானதும் அண்ணனிடமே கொண்டுவந்தாள்.

"மூக்கு குட்டைண்ணே, வளைவுல சும்மா திரும்புது. மேட்டுல என்னமா இழுக்குது தெரியுமா? உன்னோடது ரயில் பெட்டி நீளம்."

"நீளமா இருந்தாலும் ஒளிவு மறைவு இல்லாம நிக்கும்."

பிரித்துப்போட்டு மூன்று நாள் அந்த எஞ்சினைப் பிரதட்சணம் செய்தார். இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கம் தெரியாது. இன்று காலை மூடியாயிற்று. மதியம் அவள் இருபது டன்னோடு மலை ஏற வேண்டும்.

உருவிய துணிகளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் போட்டவர், என்ன தோன்றியதோ, வாழ்நாளில் முதல்முறையாக எண்ணினார். ஏழு. துளைகளோ எட்டு. திரும்ப எண்ணினார். ஏழேதான். எல்லாப் பைகளையும் துழாவினார். லாரிக்கடியில் ஊர்ந்து வந்தார். திணித்தது எட்டா, ஏழா? உள்ளே இருந்தால் எந்தப் பக்கம்? பாதி மேட்டில் எஞ்சின் அதை விழுங்கினால்?

கேபினிலிருந்து குரல் வந்தது: "ஸ்டார்ட் பண்ணட்டுமாண்ணே?"

"இரு. சாவியை இப்படிக் குடு."

"ஏன்?"

"குடுன்னா குடேன்."

பக்கத்து லாரியில் வேலையாயிருந்த வெல்டர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "என்ன வரிசையாரே, சரித்திரம் படுத்துக்கிச்சா?"

"உன் வேலையைப் பாருப்பா. சும்மா ஒரு பார்வை."

சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வெல்டருக்கு முதுகைக் காட்டி நின்றார். ராட்செட் ஸ்பானரின் கிர்ர்ச் சத்தம் வெளியே கேட்காதபடி ஏழாவது துணியை அதன் தலையில் இறுகச் சுற்றி, எஞ்சின் மூடியின் முதல் போல்ட்டை இடப்பக்கமாகத் திருப்பினார்.