பஸ் ஏற்றிவிட்டால் முடிந்ததா?

இதற்கு ஒரு சட்டம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது போன திங்கட்கிழமை சாயங்காலம். டெலிபோன் ரிசீவரைக் கீழே வைத்துப் பத்து நிமிடம் கழித்து. அந்தப் பத்து நிமிடமும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஒருவருக்கு வேலை வாங்கிக் கொடுத்துவிட்டேன் இல்லையா!

மதுரை தல்லாகுளத்தில் நான் இங்கிலீஷ் சொல்லித்தரும் டியூஷன் சென்டர். அதை நடத்துகிற செல்வம் அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். போன் அடித்தது, எடுத்தேன். குமுளிக்கு அந்தப் பக்கம், கேரளாவில் ஒரு பள்ளிக்கூடமாம்.

"உங்ககிட்ட இருந்த டிராயிங் மாஸ்டர் இங்க வேலை கேட்டு வந்திருக்கார். ஆள் எப்படி?" – மலையாள வாடை அடிக்கும் தமிழ்.

ஆறு மாதத்துக்கு முன் திடீரென்று நின்றுவிட்டவர். காரணம் எனக்குத் தெரியாது. ஆனாலும் அள்ளிவிட்டேன். "பிரமாதமா வரைவார் சார். பிள்ளைங்க அவரை விட்டு நகராது!"

அண்ணன் வந்ததும் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது.

"நீ எதுக்கும்மா போனை எடுத்த?"

"ஏண்ணே?"

"ஒண்ணுமில்ல. விடு."

விடுகிற ஆளா நான்? துளைத்தேன். வந்தது. போட்டிக்குப் படம் வரைய வேண்டும் என்று ஒரு நாலாம் வகுப்புப் பிள்ளையை மட்டும் வகுப்பு முடிந்தும் இருக்கச் சொல்லியிருக்கிறார், ஒரு வாரம். கலர் பென்சிலைக் கண்டாலே பிள்ளை அழ ஆரம்பித்த பிறகுதான் அம்மாவுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

"போலீசுக்குப் போகலையாண்ணே?"

"கேஸு கீஸுன்னு போனா பொம்பளப் பிள்ள பேருல்ல கெட்டுப்போகும்? நாலு பேரு உக்காந்து பேசுனோம். ரெண்டு அறை விட்டு, அன்னைக்கே பஸ் ஏத்திட்டோம்ல. பார்டர் தாண்டிட்டான். இனிமே நமக்கு என்ன?"

ஊரை விட்டு அனுப்புவது – நாம் கொடுக்கும் பெரிய தண்டனையே இதுதான், கவனித்திருக்கிறீர்களா? ஏன், பஸ் போய் நிற்கிற ஊரில் பிள்ளைகளே கிடையாதா? தண்டனை என்று நினைத்து நாம் கொடுத்தது டிரான்ஸ்பர் ஆர்டர். அதோடு நற்சான்றிதழையும் சேர்த்து அனுப்பியவள் நான்.

திருப்பிக் கூப்பிடலாம் என்றால்... பள்ளிக்கூடத்தின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. கூப்பிட்ட நம்பரைக் காட்டுகிற போனும் இல்லை அது.

அன்றிலிருந்து மணி நாலானால் கண் கடிகாரத்துக்குப் போகிறது. அங்கேயும் இப்போது பள்ளி விட்டிருக்கும். எந்தப் பிள்ளையை மட்டும் இருக்கச் சொல்லியிருப்பான்?

மறுநாளே கோர்ட்டுக்கு ஓடினேன். அங்கே வக்கீலாக இருக்கும் என் தோழி பாத்திமா உதட்டைப் பிதுக்கினாள். "கேஸே இல்லாத ஆளை யாருடி தேடுவா? கேஸ் இருந்தாலும் அந்த ஸ்கூலுக்குச் சொல்லணும்னு ஒரு சட்டமும் கிடையாது. அவங்க நம்ம போலீஸ்ட்ட விசாரிக்கணும்னும் கிடையாது."

பார்டரில் அரிசி லாரியைக்கூட நிறுத்திப் பேப்பர் கேட்கிறார்கள். பிள்ளைகளிடம் வேலைக்குப் போகிறவனை நிறுத்த ஒரு கயிறுகூட இல்லை.

அங்கேயே உட்கார்ந்து எங்கள் எம்.எல்.ஏ.வுக்கு மனு எழுதினேன். பிள்ளைகளோடு வேலை பார்க்க யார் எந்த மாநிலத்திலிருந்து வந்தாலும், அந்த மாநிலத்துப் போலீசிடம் விசாரிக்காமல் சேர்க்கக் கூடாது. நடந்ததை மறைத்து ஆளை வழியனுப்பி வைக்கிறவர்களுக்கும் தண்டனை உண்டு.

பாத்திமா படித்துவிட்டுச் சொன்னாள்: "மறைக்கிறதுக்கு இப்பவே தண்டனை இருக்குடி, கேஸுன்னு வந்தா உங்க செல்வம் அண்ணனும் உள்ள போவாரு. சரி, போலீஸ்ட்ட விசாரிச்சா அவங்க என்ன சொல்வாங்க? கம்ப்ளைன்ட்டே இல்லையே?"

ஆக, எந்தச் சட்டம் வந்தாலும் முதலில் வேண்டியது ஒரு புகார். யார் கொடுத்தாலும் பிள்ளை பேச வேண்டும்; அதற்குச் சம்மதிக்க வேண்டியவர் அந்தப் பிள்ளையின் அப்பா. சிம்மக்கல்லில் மொத்த வெங்காயக் கடை. போனேன்.

"எம் பிள்ள இப்பத்தேம்மா சிரிக்க ஆரம்பிச்சிருக்கு. மறுபடியும் கிளறச் சொல்றியா?"

எழுந்துவிட்டேன். படி இறங்கும்போது பின்னாலிருந்து கேட்டார்.

"அங்க எம்புட்டுப் பிள்ளைக படிக்குதாம்?"

"தெரியலண்ணே."

ஒரு மூட்டையின் வாயை இழுத்துக் கட்டினார். "வீட்ல கேக்கணும். நாளைக்குக் காலையில வா."

இதோ, போகப்போகிறேன். அவர் சரி என்றால் நேரே போலீஸ் ஸ்டேஷன். வேண்டாம் என்றால்... அவரைக் குறை சொல்ல மாட்டேன். செல்வம் அண்ணனை இழுத்துக்கொண்டு பார்டர் தாண்டி, பள்ளி பள்ளியாக ஏறி இறங்குவேன். மனு அதன் பாட்டுக்குச் சென்னைக்குப் போகட்டும்.

சட்டம் வந்து சேர எத்தனை வருஷமோ... குமுளிக்கு இங்கிருந்து நாலு மணி நேரம்தான்.