ஜமீனுக்குத் திரும்பி வந்த சர்க்கரை

என் பூனைக்குச் சர்க்கரை நோய் திரும்பி வந்தபோது நான் முழங்காலில் நிற்கவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஆண்டவரிடம் சண்டை போட்டேன். அந்தச் சண்டைக்கும் அவர் பதில் தந்தார். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் திண்டிவனத்தில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். வீட்டில் நான், என் வீட்டுக்காரர், ஜமீன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஜமீன்தான் அந்தப் பூனை. கிரைண்டர் பக்கத்தில் சாய்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் வேலை வாங்குகிற மாதிரி பார்ப்பான். அதனால் அந்தப் பெயர்.

முதல் தடவை நோய் வந்தபோது விழுப்புரத்தில் ஒரு கால்நடை டாக்டரம்மாவிடம் காட்டினோம். காலையும் மாலையும் சாப்பாடு வைத்துவிட்டு இன்சுலின் ஊசி போடவேண்டும். சோறு, பால், பிஸ்கட் எதுவும் கூடாது. மீனும் கோழியும் மட்டும். நாங்கள் ரசம் சாதம் சாப்பிட்ட நாளிலும் அவன் கோழி சாப்பிட்டான். சில மாதங்களில் ஊசி இல்லாமலே சர்க்கரை அளவு சரியாக நின்றது. நான் அழுதேவிட்டேன். டாக்டரம்மா அன்றைக்கே சொன்னார்: "அடங்கியிருக்குங்க, அவ்ளோதான். போயிடுச்சின்னு நெனைக்காதீங்க. சாப்பாட்ட மட்டும் மாத்திடாதீங்க."

நான் சபைக்குப் போய், ஆராதனையில் எழுந்து நின்று, "போயிடுச்சு" என்று சாட்சி சொன்னேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. குணமானதாகச் சாட்சி சொல்கிறவர்கள், மீதியிருக்கும் மருந்தை எல்லார் முன்னாலும் கூடையில் போடவேண்டும். பெண்கள் ஜெபக்குழுவை நடத்துகிற ரோஸ்லின் அக்காதான் கூடையை எடுத்துவந்து என் முன்னால் நீட்டினார். "விசுவாசம் இருந்தா போடு" என்றார். இன்சுலின் புட்டியையும் ஊசிகளையும் போட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

அதன் பிறகு ஜமீன் சாட்சிப் பூனை ஆகிவிட்டான். வீட்டு ஜெபத்துக்கு வருகிறவர்கள் டீயில் பன்னை நனைத்து அவன் வாயருகே நீட்டினார்கள். பண்டிகைக்குக் கேக் வேறு. நான் தடுத்தால் ரோஸ்லின் அக்கா விடமாட்டார். "கொணமானவனுக்கு இன்னாடி பத்தியம்? சாட்சி சொன்ன நீயே சந்தேகப்பட்டா எப்டி?" எனக்கு உள்ளே கொதிக்கும். ஆனால் சபைக்கு முன்னால் கைதட்டு வாங்கினவளால் என்ன பேசமுடியும்? நோய் திரும்பியது அதனால்தானா, தானாகவே திரும்பியதா என்று டாக்டரம்மாவாலும் உறுதியாகச் சொல்லமுடியவில்லை. நான் மட்டும் அந்தப் பன்னை இன்னும் மன்னிக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கியதும் ஜமீன் வாளியில் தலையை விட்டுத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான். அவன் ஒன்றுக்குப் போன மணலில் எறும்பு மொய்த்தது. முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. ஒரு நாள் பின்னங்கால் தேய நடந்துவந்து, மீனை முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துவிட்டான். அவனைக் கூடையில் வைத்து விழுப்புரத்துக்கு ஓடினேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. "திரும்ப வர்றது உண்டுங்க. மறுபடியும் ஊசிதான். நிறுத்துனா உயிருக்கு ஆபத்து" என்றார். அன்றைய ஊசியை அவரே போட்டார். அது மனிதர்களுக்குப் போடுகிற மருந்துதான், கடையில் கிடைக்கும் என்று எழுதிக்கொடுத்தார். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், ஊரில் வாங்கிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். திண்டிவனத்தில் கடைக்காரர், "காலைல வந்துடும்க்கா" என்றார்.

காலையில் மருந்து வரவில்லை, மழைதான் வந்தது. ரோடு முழுக்கத் தண்ணீர். பஸ் இல்லை, கடைகள் திறக்கவில்லை. ஜமீன் கண்ணைக்கூடத் திறக்காமல் கிடந்தான்.

அப்போதுதான் சண்டை போட்டேன். "ஆண்டவரே, நீர் குணமாக்கினீர்னுதானே ஊரெல்லாம் சொன்னேன்! என்னைப் பொய்க்காரி ஆக்கறதுக்கா? இந்த வாயில்லாத ஜீவன் உமக்கு என்ன பண்ணுச்சு? எனக்கு அற்புதம் வேணாம். ஒரு புட்டி மருந்து குடும்." என் குரலைக் கேட்டு வீட்டுக்காரர் வாசலுக்குப் போய்விட்டார்.

அதே கோபத்தோடு சபை வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்பினேன். "ஜமீனுக்குச் சர்க்கரை திரும்பிடுச்சி. நான் சொன்ன சாட்சி தப்பு. ஊசி போட்டாத்தான் பொழைப்பான்." மருந்தின் பெயரையும் சொன்னேன். "யார் வூட்ல இருந்தாலும் குடுங்க. ஜெபிக்கிறேன்னு மட்டும் எவளும் போடாதீங்க."

உடனே நாலு பேர் கைகூப்பிய படம் போட்டார்கள். போனைத் தூக்கி எறியப் போனேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ரோஸ்லின் அக்கா. முழங்கால் வரை சேறு. எனக்குப் புத்தி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து வாயைத் திறந்தேன். அவர் இடுப்பிலிருந்து ஈரத்துணிப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளே அதே மருந்து. பிரிக்காத ஊசிகளும் இருந்தன.

"யாருதுக்கா இது?"

"எனக்குப் போடறதுதான்."

இந்த அக்காதான், தன் சர்க்கரை முழுக்கப் போய்விட்டதென்று முன்பு சாட்சி சொல்லி, அந்தக் கூடையில் முதல் புட்டியைப் போட்டவர்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லிமுடியாது. "நீ மட்டும் ஊசி போட்டுக்கினு, என் மருந்த கூடையில போட வெச்சியா?" என்று கத்திவிட்டேன்.

"ரெண்டே மாசத்துல திரும்பிடுச்சிடி. சொன்ன சாட்சிய எப்டி வாபஸ் வாங்கறது? பயந்துக்கினு ஒளிச்சி ஒளிச்சி போட்டுக்கினு இருக்கேன். என்னை அப்புறம் திட்டு. மொதல்ல அதுக்குப் போடு."

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு மருந்தையும் அளவையும் உறுதி செய்துகொண்டேன். அவர் சொன்னபடி கோழி வேகவைத்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தேன். அக்கா அவனைப் பிடித்துக்கொண்டார். நான் ஊசி போட்டேன். மறுநாள் தண்ணீர் வடிந்ததும் அவனை விழுப்புரத்துக்குக் கொண்டுபோய் ஊசி வழியாக நீர் ஏற்றினோம். வீட்டுக்கு வந்தவன் மீன் சட்டியைப் பார்த்து அதிகாரமாக ஒரு சத்தம் போட்டான். நாங்கள் ஸ்தோத்திரம் என்றோம்.

அக்காவின் ரகசியத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஆராதனையில் அவரே எழுந்து நின்று சொன்னார். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூன்று பேர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, தாங்களும் மாத்திரையை ஒளித்துத்தான் சாப்பிடுவதாகச் சொல்லி அழுதார்கள். அந்தக் கூடையைப் பாஸ்டர் ஐயாவே எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அவர் அனுமதியோடும் அக்காவின் அனுமதியோடும்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது காலையும் மாலையும் ஜெபித்துவிட்டு ஊசி போடுகிறேன். வீட்டு ஜெபத்துக்கு வருகிறவர்கள் பன்னைத் தங்கள் வாயில் மட்டும் போட்டுக்கொள்ள வேண்டும். மீறினால் டீ கிடையாது.

சகோதரிகளே, உங்கள் கோபத்தையும் அவரிடமே கொண்டுபோங்கள், அவர் தாங்குவார். நம்புங்கள், ஆனால் மருந்தைக் கீழே போடாதீர்கள். இனி நான் சொல்லும் சாட்சி இவ்வளவுதான்: என் பூனை குணமாகவில்லை. உயிரோடு இருக்கிறான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.